சாமி போகிற வழி, சைக்கிள் போகிற வழி

திருவண்ணாமலையைச் சுற்றி சைக்கிளில் எந்தப் பக்கம் போகலாம் என்று யார் கேட்டு வந்தாலும், டீ சொல்லிவிட்டு நான் முதலில் கேட்பது, எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைத்தான். வழியைப் பற்றி அப்புறம் பேசலாம். ஆடி மாதம் என்றால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே செங்கம் பக்கம் போய்விட்டால், பத்து மணிக்கு மேல் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஊரில் விட்டுவிடும். இதை அறியாமல் காலையில் சுகமாகக் கிழக்கே செஞ்சிக்குப் போய்விட்டவர், திரும்பும்போது உச்சி வெயிலில் எதிர்காற்றில் ஒவ்வொரு மிதிக்கும் மூச்சு வாங்குவார். சித்திரையிலும் வைகாசியிலும் வராதீர்கள் என்று சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் ஊருக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் இடம் இருக்காது. மார்கழி பாதியிலிருந்து மாசி முடியும் வரை நல்ல காலம். ஏரிகளில் தண்ணீர் நிற்கும், காற்று தணிந்திருக்கும், பத்து மணி வெயில்கூட உறைக்காது.

அடுத்தது நிலத்தின் சாய்வு. இந்தப் பக்கம் மேற்கு உயரம், கிழக்கு தாழ்வு. ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறும், கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்திலிருந்து வரும் தென்பெண்ணையும் கிழக்கு நோக்கித்தான் இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வு கால்களுக்குத் தெரியும். ஏரிகளும் இதே சாய்வில் சங்கிலிபோலக் கட்டப்பட்டவை. மேல் ஏரி நிறைந்து கோடி போனால் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்கு வரும். ஏரிக்கரை சரிவுக்குக் குறுக்கே போடப்படுவதால் அதன்மேல் போகும் பாதை ஏறாமல் இறங்காமல் மட்டமாக இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நஞ்சை. கரையோரம் பனையும் புளியும். வண்டி போகிற மாதிரி கரை அகலமாக இருக்கிற இடங்களில் அதைவிடச் சுகமான சைக்கிள் பாதையை யாராலும் போட்டுத்தர முடியாது.

இப்போது வழிக்கு வருவோம். திருவண்ணாமலையை நடுவில் வைத்துப் பாருங்கள். மேற்கே செங்கம், வடக்கே போளூர், கிழக்கே செஞ்சி, தெற்கே திருக்கோவிலூர். நான்கும் சுமாராக 35 முதல் 40 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் எந்த ஊரையும் சைக்கிளில் எட்டிவிடலாம். ஆனால் கைபேசியைக் கேட்டால் அது காட்டுவது நெடுஞ்சாலையை. கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலை செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத்தான் ஓடுகிறது. வேலூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை போளூர் வழியாக இறங்குகிறது. பேருந்தும் லாரியும் கார்த்திகைக் கூட்டமும் பௌர்ணமிக் கூட்டமும் அந்தச் சாலைகளில். அங்கே சைக்கிள் ஓட்ட முடியாது என்றில்லை. ஆனால் பின்னால் வருகிற வண்டியின் மேல்தான் கவனம் இருக்குமே தவிர, பக்கத்து வயல்மேல் இருக்காது.

நகரத்துக்கு நகரம் போகிற சாலை ஒரு வகை. ஊருக்கு ஊர் போகிற சாலை இன்னொரு வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது. அது ஒன்றியச் சாலையாக இருக்கும், ஒரு மினி பஸ் போகிற அகலம் இருக்கும், ஊருக்குள் நுழைந்து கோயிலைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். நேராகப் போகாமல் இப்படி வளைந்து வளைந்து போவதால்தான் அவசரக்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட சாலைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? திருவண்ணாமலையில் அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அண்ணாமலையார் எந்த வழியாகப் போகிறார் என்று பாருங்கள்.

அவர் கோயிலுக்குள்ளேயே இருப்பவர் அல்லர். ஆண்டுக்கு இரண்டு முறை, தீபத்துக்குப் பிறகு ஒன்று, தை மாதம் திருவூடலை ஒட்டி ஒன்று என்று, நம்மைப்போலவே 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார். அது போக மூன்று ஆறுகளுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். தை 5-ஆம் நாள் தெற்கே மணலூர்பேட்டைக்கு, தென்பெண்ணையாற்றுக்கு. தை அமாவாசைக்குப் பின் வரும் ரதசப்தமியன்று வடக்கே கலசபாக்கத்துக்கு, சேயாற்றுக்கு. மாசி மகத்தன்று பக்கத்திலேயே இருக்கும் பள்ளிகொண்டாப்பட்டுக்கு, கௌதம நதிக்கு. தோளில் சுமந்து நடந்து போன காலத்தில் ஏற்பட்ட வழிகள் இவை. சுமப்பவர்களுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், சாமியை இறக்கி வைக்க மண்டபம் வேண்டும், மண்டகப்படி செய்ய ஊர் வேண்டும். சைக்கிள்காரருக்கும் ஏறக்குறைய இதெல்லாம்தான் வேண்டும். அதனால் புதிதாக வருபவருக்கு இந்த மூன்று திசைகளைத்தான் நான் சொல்லித் தருகிறேன்.

பள்ளிகொண்டாப்பட்டு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. முதல் நாள் சைக்கிளையும் உடம்பையும் பழக்கிக்கொள்ள அது போதும். அதற்குள் இருக்கும் கதை பெரியது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன், திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களில் ஒன்றாகக் கொண்டு ஆண்டவன். 1340-களில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் உயிரிழந்தான். பிள்ளையில்லாத அந்த மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து ஆண்டுதோறும் திதி கொடுக்கிறார் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நடப்பது அந்தத் திதிதான். ஒரு அரசனுக்காக ஒரு தெய்வம் நீர்க்கடன் செய்ய ஆற்றங்கரைக்கு வருகிற சாலையில் மற்ற நாட்களில் ஆடு மாடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களும்தான் போகின்றன. நீங்களும் போகலாம்.

கலசபாக்கம் வழிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தின் மிக நல்ல சைக்கிள் வழி அதுதான். சேயாற்றின் இரு கரையிலும் பதினான்கு சிவன் கோயில்கள். ஒரு கரையில் ஏழு கரைகண்டேசுவரர் கோயில்கள்: காஞ்சி, கடலாடி, மாம்பாக்கம், தென்மகாதேவமங்கலம், எலத்தூர், பூண்டி, குருவிமலை. மறு கரையில் ஏழு கைலாசநாதர் கோயில்கள். வாசுதேவம்பட்டு, தாமரைப்பாக்கம், நார்த்தாம்பூண்டி, பழங்கோயில், தென்பள்ளிப்பட்டு என்று அவையும் ஆற்றோடு வரிசையாகப் போகும். தலபுராணம் இப்படிச் சொல்கிறது: அம்பாள் வாழைப்பந்தலில் மணலில் லிங்கம் பிடிக்கத் தண்ணீர் கேட்க, முருகன் வேலை எறிந்தான். அது மலையைத் துளைத்துக்கொண்டு போய் அங்கே தவம் செய்துகொண்டிருந்த ஏழு முனிவர்கள்மேல் பட்டது. அவர்கள் குருதியோடு கலந்து வந்ததால் ஆறு செந்நிறமாக ஓடியது. அந்தப் பாவம் தீரக் கரைக்கு ஏழாகக் கோயில்கள் எழுந்தன. புராணத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, அந்தக் கோயில்கள் இருக்கும் முறையைப் பாருங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் காலை நேரத்தில் நிதானமாக நடந்து போய்விடலாம். சைக்கிளுக்கு இன்னும் எளிது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கிணறோ குளமோ, ஒரு மரம், ஒரு திண்ணை. வழி தவறினாலும் ஆறு ஒரு பக்கம், பர்வதமலை ஒரு பக்கம். இரண்டில் ஒன்று கண்ணில் படாமல் இருக்காது.

பர்வதமலை கடலாடிக்கும் தென்மகாதேவமங்கலத்துக்கும் பின்னால் சுவர்போல எழுந்து நிற்கிறது. உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில். மார்கழி முதல் நாள் அந்த மலையையும் ஆயிரக்கணக்கானவர்கள் கோயில்மாதிமங்கலத்திலிருந்து புறப்பட்டு வலம் வருகிறார்கள். அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் அடிவாரச் சாலை உங்களுக்கே உங்களுக்கு. மலையேற வேண்டும் என்றால் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி பிடித்து ஏறுகிற பாறை வழியும் சைக்கிள் மிதிப்பும் ஒரே நாளில் கால்களுக்கு ஒத்துவராது.

இந்த மலைக்குச் சங்க காலத்தில் நவிரமலை என்று பெயர். அதன் தலைவன் நன்னன், அவன் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. கூத்தர் கூட்டம் ஒன்று நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிறது. எதிரே வரும் இன்னொரு கூட்டத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி சொல்கிறது. ஆற்றுப்படை என்பதே வழி சொல்லும் பாட்டு. சைக்கிளில் இந்தப் பக்கம் வருகிறவர் வேறு எந்தக் கையேட்டையும் படிக்காவிட்டாலும் இதை உரையோடு ஒரு முறை படித்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏனென்றால் அது எதைச் சொல்கிறது பாருங்கள். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள் என்கிறது. புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தில் ஒதுங்கி நில்லுங்கள் என்கிறது. பாசி படர்ந்த வழுக்கலில் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்கிறது. இன்றைக்கும் ஏரிக் கலங்கலைக் கடக்கும் இடத்தில் சைக்கிள் சறுக்குவது அதே பாசியால்தான். சக்கரத்தைத் திருப்பாமல் நேரே விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதையும் பாட்டு சொல்கிறது. இடையர்கள் பாலும் சோறும் தருவார்கள், ஆட்டுத் தோல் விரித்த படுக்கையில் நெருப்பைத் துணையாக வைத்துக்கொண்டு படுக்கலாம் என்று இராத் தங்கலுக்கும் இடம் காட்டுகிறது. அதன் நடுவே மலையில் எழும் ஓசைகளை நீளமாக வரிசைப்படுத்திக்கொண்டு போகிறது: அருவி விழும் ஓசை, தினை குற்றும் பெண்களின் பாட்டு, தேன் எடுப்பவர்களின் ஆரவாரம், யானைப் பாகர்களின் பேச்சு. பாட்டுக்கு மலைபடுகடாம் என்று பெயர் வந்ததே இந்த ஓசைகளால்தான். அமைதியான சாலை வேண்டும் என்று கேட்கிறோமே, அது இதற்காகத்தான். இன்ஜின் சத்தம் போய்விட்டால் பம்புசெட்டில் தண்ணீர் கொட்டுவதும், கொக்குகள் எழும்புவதும், நெல் வயலில் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதும் காதில் விழ ஆரம்பிக்கும்.

அந்தப் பாட்டில் இன்னொரு செய்தி உண்டு. வழியில் நடுகற்கள் நிற்கும், அவற்றுக்கு உங்கள் இசைக்கருவியை வாசித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறது. அந்த நடுகற்கள் கற்பனை அல்ல. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் நாட்டிலேயே நடுகற்கள் அடர்ந்திருக்கும் பகுதிகளில் ஒன்று. இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், 1972-இல், தமிழக அரசின் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் ஏராளம். பெரும்பாலும் ஆநிரை கவர்ந்ததும் மீட்டதும்தான் செய்தி. பள்ளிக்கூடத்தில் வெட்சி, கரந்தை என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கே வயல் வரப்பில் கல்லாக நிற்கிறது.

அவற்றில் எடுத்தனூர்க் கல்லை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டிருக்கிறான். கல்லில் அவன் உருவம், பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்குப் பெயரும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துத் தன் தலைவன் பக்கத்தில் காத்து நின்றது என்ற செய்தி வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்தில் அரசாண்ட பல்லவனின் பெயர் வருகிற அதே கல்லில், ஒரு குக்கிராமத்து நாயின் பெயரும் நிற்கிறது. இந்த மண்ணைப் பற்றி எனக்குப் பெருமை தரும் விஷயங்களில் இது ஒன்று. கிராமத்து நாய்களைக் கண்டு பயப்படும் சைக்கிள்காரர்களுக்கும் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அது தன் வேலையைச் செய்கிறது. வேகமாக ஓட்டித் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, நாலடி நடந்து போங்கள். தன் எல்லை தாண்டியதும் நின்றுவிடும்.

இந்தக் கற்களைத் தேடிப் போக சைக்கிளை விட்டால் நல்ல வண்டி இல்லை. காரில் போனால் கல் கண்ணில் படாது. நடந்து போனால் ஒரு நாளில் ஒன்றிரண்டுக்கு மேல் முடியாது. பல கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பூஜை நடக்கும் சாமிகள். எண்ணெயும் மஞ்சளும் பூசியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் வேலை செய்பவரிடம் கேட்டுக்கொண்டு அருகில் போங்கள். படம் எடுக்க வேண்டும் என்று எழுத்தின்மேல் சுண்ணாம்பையோ மாவையோ பூசாதீர்கள்.

தெற்கே மணலூர்பேட்டை வழி தச்சம்பட்டு வழியாகப் போகிறது. தை 5-க்கு முன்னும் பின்னும் போனால் ஆற்றுத் திருவிழாவின் கடைகள் இருக்கும். சாத்தனூர் அணை 1958-இல் கட்டப்பட்ட பிறகு தென்பெண்ணை ஆண்டின் பெரும் பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. ஆனால் அதை நம்பிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது அணையிலிருந்து நள்ளிரவில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே திறந்து சில மாதங்களே ஆகியிருந்த பாலத்தையே அது அடித்துக்கொண்டு போனது. அதனால் ஆற்றைக் கடக்கும் வழி எதுவாக இருந்தாலும், கிளம்புவதற்கு முன் அந்த ஊர் பேருந்தில் வந்திறங்கியவரிடம் பாலம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கைபேசி வரைபடத்தில் பாலம் உடைந்த பிறகும் கோடு அப்படியே இருக்கும்.

மணலூர்பேட்டைக்கு அப்பால் ஜம்பை. சின்ன ஊர். அங்குள்ள குன்றின் குகையில் தமிழ் பிராமியில் ஒரே ஒரு வரி. 1981-இல் தொல்லியல் துறை கண்டுபிடித்தது. அதியமான் நெடுமான் அஞ்சி அந்தக் கற்படுக்கையைக் கொடையாகக் கொடுத்தான் என்பது செய்தி. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன் என்று நாம் படித்த அதே அதியமான். அவன் பெயருக்கு முன்னால் சதியபுதோ என்று இருக்கிறது. அசோகன் தன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்ததற்கு இந்த ஊர்க் குன்றில் பதில் கிடைத்தது. அங்கிருந்து திருக்கோவிலூருக்கு ஆற்றோரமாகவே போகலாம். உலகளந்த பெருமாளையும் வீரட்டானேசுவரரையும் பார்த்துவிட்டு, ஆற்றுக்குள் நிற்கும் பாறையையும் பார்க்க மறக்காதீர்கள். பாரி இறந்த பிறகு கபிலர் உயிர் நீத்த இடம் என்று அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். அதியமானிலிருந்து கபிலர் வரை ஒரே காலைப் பொழுதில் மிதித்து வந்துவிடுகிற தூரம். வெயில் ஏறிவிட்டால் திருக்கோவிலூரில் தங்கிவிட்டு மறுநாள் காலை திரும்புங்கள்.

கிழக்கே செஞ்சியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது செஞ்சியும் அதில் வந்துவிட்டது. இனிக் கூட்டம் கூடும். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பக்கத்திலிருக்கும் திருநாதர்குன்றுக்கும் மேல்சித்தாமூருக்கும் போங்கள். திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர் நீத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் நடக்கிறது. வடக்கே போளூர் தாண்டித் திருமலையில் பாறையில் செதுக்கிய பெரிய நேமிநாதர் இருக்கிறார், குந்தவை ஜினாலயம் இருக்கிறது. நெல்வயலுக்கு நடுவே எழும்பிய பாறைக் குன்று எங்கே தெரிந்தாலும் அங்கே ஒரு படுக்கையோ ஒரு எழுத்தோ ஒரு சாமியோ இருக்கக்கூடும் என்ற நினைப்போடு ஓட்டினால் இந்த நாடே வேறு மாதிரி தெரியும்.

மலைமேல் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலை. தாழ்ந்த கியர் உள்ள வண்டியும் விடியற்காலைப் புறப்பாடும் இருந்தால் ஏறிவிடலாம். மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், சாமை வயல்கள், பலா, புளி, தேன். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடேறும். விட்டு விட்டுப் பிடியுங்கள். மலையின் மறு பக்கத்தில் காவலூர். வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே திறக்கப்பட்டது. இரவில் வெளிச்சம் இல்லாத வானம் வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த மலை அது. அப்படியென்றால் சைக்கிள்காரருக்கு என்ன பொருள் என்று யோசியுங்கள்: பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

எந்த சைக்கிள் வேண்டும் என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் எதிர்பார்ப்பதைவிட எளிய பதில்தான். நல்ல நிலையில் இருக்கும் எந்த சைக்கிளும் போதும். டயர் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். சீமைக்கருவேல முள்தான் இங்கே முதல் எதிரி. சாலையோரத்தில் மரம் வெட்டிய இடம் தெரிந்தால் நடுவில் ஏறி ஓட்டுங்கள். பஞ்சர் ஆனால் அடுத்த ஊரில் ஒட்டித் தருவார் யாராவது. அரசு தந்த இலவச சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நாடு இது, சைக்கிள் வேலை தெரிந்தவர் இல்லாத பெரிய ஊர் இல்லை. ஆனால் டியூபே கிழிந்துவிட்டால் கதை வேறு. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளுக்கும், நகரத்தில் வாங்கிய மெல்லிய டயர் கியர் சைக்கிளுக்கும் 28 என்றுதான் சொல்வார்கள். ஆனால் முன்னதன் டயர் உட்காரும் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், பின்னது 622. அதன் டயர் இதற்கு மாட்டாது. வால்வும் அப்படித்தான், மூக்கு மெலிந்த வால்வில் ஊர்க்கடைப் பம்பு பிடிக்காது. அதற்கென்று பித்தளையில் ஒரு சின்ன இணைப்பான் விற்கிறது, விரல்நுனி அளவு. அதையும் இரண்டு டியூபையும் எடுத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அறுவடைக் காலத்தில் வருபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேழ்வரகு, உளுந்து, கொள்ளு எல்லாவற்றையும் செடியோடு சாலையில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகளின் சக்கரமே போரடித்துவிடும் என்று. மல்லாட்டையும் சாலையோரம் காயும். கொள்ளுக்கொடி இருக்கிறதே, அது பார்க்க மெத்தைபோல இருக்கும். ஏறி இருபதடி போவதற்குள் ஒரு கொடி பின்சக்கரத்தோடு சுற்றி, கியர் உருளைக்குள் நுழைந்து, செயினோடு சேர்ந்து இறுக்கிக்கொள்ளும். அதற்கு மேலும் மிதித்தால் கியரைத் தாங்கும் காது வளைந்துவிடும். உடனே மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிக் கொடியை விரலால் உருவி எடுங்கள். காயப்போட்டவர் ஓடி வந்து உதவுவார். பயிர் விளைந்த நிலம் அவருடையது, களம் போதாததால்தான் சாலைக்கு வந்திருக்கிறார். ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் உங்களுக்கும் நல்லது, அவர் தானியத்துக்கும் நல்லது.

இப்படி வளைந்து போகும் ஊர்ச் சாலைகளில் வழி தவறாமல் போவது எப்படி? பெல்ஜியத்தில் லிம்பர்க் என்ற பகுதி உண்டு. அங்கே ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1995-இல் ஒரு எளிய ஏற்பாட்டைச் செய்தார். கிராமச் சாலைகள் பிரியும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு எண். கம்பத்தில் அந்த எண்ணும், அடுத்த முனைகளின் எண்களும் அம்புக்குறியோடு இருக்கும். ஓட்டுபவர் தனக்கு வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். சுரங்கத்துக்குள் வழி தெரிவதற்கு எண் போடும் பழக்கத்திலிருந்து அந்த யோசனை வந்தது. இன்று பெல்ஜியமும் நெதர்லாந்தும் முழுக்க இந்த முறை பரவியிருக்கிறது. பெரிய செலவில்லை, புதுச் சாலை போடவில்லை. இருக்கிற சாலைக்குப் பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. மலைபடுகடாத்தில் கிளை பிரியும் வழிகளில், மரத்தடியில், போகும் ஊர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருப்பதைப் பற்றி வருகிறது. எழுத்து இல்லாத கவர்வழியில், பின்னால் வருகிறவர்கள் தவறிவிடாமல் இருக்க, இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள் என்றும் அந்தக் கூத்தர்கள் சொல்கிறார்கள். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குச் செய்கிற கடமை அது. சேயாற்றங்கரையின் பதினான்கு கோயில்களுக்கும் நடுவில் வழி பிரியும் இடங்கள் அதிகமில்லை. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரக் கருங்கல் ஒன்று, அதில் அடுத்த ஊரின் பெயரும் தூரமும், தமிழில், ஆழமாக வெட்டியது. இந்த மாவட்டத்தில் கல்தச்சர்களுக்கும் குறைவில்லை, கல்லுக்கும் குறைவில்லை. ஊராட்சிகளும் கோயில் நிர்வாகமும் தொல்லியல் துறையும் சேர்ந்தால் ஒரு கோடைக்குள் செய்துவிடலாம். இதை நான் கேட்காத இடமில்லை, இங்கேயும் கேட்கிறேன்.

அது வரும் வரைக்கும் நாமே ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். விடிவதற்கு முன் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுக் காஞ்சிக்குத் திரும்புங்கள். காஞ்சிக்குப் பின் கடலாடி. கடலாடியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், சாப்பிட ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மலையை இடப்பக்கம் வைத்து தென்மகாதேவமங்கலம், அங்கிருந்து எலத்தூர், பூண்டி, கலசபாக்கம். ஆற்றைக் கடந்தால் தென்பள்ளிப்பட்டு, பழங்கோயில், நார்த்தாம்பூண்டி. கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். சில கோயில்களில் குருக்கள் காலையில் ஒரு வேளை பூஜைக்கு மட்டும் வந்துவிட்டுப் போவார். சாத்தியிருந்தால் எதிர்வீட்டில் கேளுங்கள், சாவி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.